தேனில் மருந்து எச்சம்: ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும், தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசினால் பற்ற வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது, நாய் நக்கக் கூடாது. தேன் வாங்கும்போது இதில் ஒன்றையாவது செய்து பார்க்காத வீடு நம் பக்கம் குறைவு. இவற்றால் சர்க்கரைப் பாகு கலப்படமே ஒழுங்காகத் தெரியாது. மருந்து எச்சம் விஷயத்தில் இவற்றுக்கு வேலையே இல்லை. நாம் தேடுவது பிபிபி கணக்கில் இருக்கும் பொருட்களை. 1 பிபிபி என்றால் ஆயிரம் டன் தேனில் ஒரு கிராம். குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 நவம்பர் கடைசியிலிருந்து வைத்திருக்கும் எல்லை 0.15 பிபிபி. அதை நாக்கும் பிடிக்காது, நாயும் பிடிக்காது.

ஆகவே ஆய்வகம்தான். ஆனால் ஒரு பாட்டிலை நீட்டி "எல்லாத்தையும் பார்த்துக் கொடுங்க" என்று சொன்னால் வேலை முடிந்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்க்கும் சோதனை என்று ஒன்று கிடையாது. எந்தப் பெயர்களைத் தேடச் சொன்னோமோ அவற்றை மட்டும்தான் எந்திரம் தேடும், மற்றது குடம் குடமாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் ஒரு வரி வராது, வராததை நாம் "இல்லை" என்று படித்துவிடுகிறோம். அதனால் இந்த வேலையில் பாதிக்கு மேல் மாதிரியை அனுப்புவதற்கு முன்பே நடக்க வேண்டியது.

பெட்டிக்குள் என்ன போனது?

ஒரு தாளை எடுத்து, கடந்த ஒரு வருடத்தில் உங்கள் பெட்டிகளுக்குள்ளும், அதைச் சுற்றி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்ளும் என்னென்ன போயிருக்கலாம் என்று எழுதுங்கள். பேச்சுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மார்த்தாண்டம் தேன் பெரும்பாலும் ரப்பர் தோட்டத்துத் தேன்தான். ரப்பர் இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேருமிடத்தில் இருக்கும் சுரப்பியில் மது ஊறும். தேனீ பூவுக்குப் போகாமல் அங்கேதான் உட்காரும். அதே நாட்களில்தான் தளிரில் சாம்பல் நோய் வராமல் இருக்கக் கந்தகத் தூளை அடிப்பார்கள். தேன் ஊறுகிற இடமும் தூள் விழுகிற இடமும் ஒன்று. மழைக்கு முன் அடிக்கும் தாமிர மருந்து பெரும்பாலும் தேனெடுப்பு முடிகிற சமயத்தில் வருவதால் அவ்வளவு கவலை இல்லை, ஆனால் எடுக்காமல் விட்ட அடை பெட்டியில் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த இரண்டுமே சாதாரணப் பூச்சிமருந்துச் சோதனையில் வராது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாமிரத்தை உலோகச் சோதனையில் கேட்க வேண்டும், கந்தகத்தைத் தனியாகக் கேட்க வேண்டும்.

சீசன் முடிந்து பெட்டிகளை வேறு ஊருக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அந்த ஊரின் பயிரையும் எழுத வேண்டும். இடுக்கி ஏலத்தோட்டம் பக்கம் வைத்த பெட்டி என்றால் குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை பட்டியலில் வரும். சூரியகாந்தி, பருத்தி என்றால் விதைநேர்த்தியிலேயே சேர்ந்து செடியின் சாற்றோடு மேலேறும் இமிடாக்ளோப்ரிட், தயாமீதாக்சம் வகையறா. இந்தக் கடைசி வகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலகம் முழுவதிலிருந்தும் திரட்டிய 198 தேன் மாதிரிகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு எழுபத்தைந்தில் இந்தக் குடும்பத்து மருந்து ஒன்றாவது இருந்தது. அளவு பெரும்பாலானவற்றில் உணவு எல்லைக்குக் கீழேதான், ஆனால் எங்கும் இருக்கிறது என்பதுதான் செய்தி.

அடுத்தது நாமே கையால் போட்டது. இங்கேதான் எழுதக் கை கூசும். மழைக்காலத்தில் பூ இல்லாதபோது சர்க்கரைப் பாகு கொடுக்கிறோம். புழு செத்து நாறினால் அந்தப் பாகிலேயே ஆக்சிடெட்ராசைக்ளின் பொடியைக் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. பாக்டீரியாவால் வரும் புழு அழுகல் நோய்க்காவது அதில் ஒரு தர்க்கம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியா முழுக்க நாட்டுத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போன தாய் சாக்புரூட் என்கிற தாய்லாந்துப் பை நோய் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நோய் போகாது, தேனில் எச்சம் மட்டும் மிஞ்சும். கொடுத்திருந்தால் பெயரையும் மாதத்தையும் எழுதுங்கள், அந்தத் தாளை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

அப்புறம் அந்துருண்டை. காலி அடைகளை மெழுகு அந்துப்பூச்சி தின்றுவிடாமல் இருக்க, அடுக்கி வைத்த தேன் அறைகளுக்கு நடுவில் இரண்டு உருண்டையைப் போட்டு வைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது நாப்தலீனோ பாரா டைகுளோரோபென்சீனோ, எதுவானாலும் ஆவியாகி மெழுகுக்குள் இறங்கும், அடுத்த சீசனில் அந்த அடையில் சேரும் தேனுக்கும் போகும். கிரீஸ், சுவிட்சர்லாந்து தேனிலெல்லாம் இது பிடிபட்டிருக்கிறது. சுவிட்சர்லாந்து இதற்கு வைத்த எல்லை 10 பிபிபி. அந்த அடையை முகர்ந்தாலே சில சமயம் தெரியும். வாசனை வந்தால் இருக்கிறது என்று அர்த்தம், வராவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை.

உண்ணிக்கு மருந்து வைத்தீர்களா என்பது கடைசிக் கேள்வி. இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி: வரோவா உண்ணிக்கு ஃபுளூவாலினேட் பட்டை, அமிட்ராஸ், கூமாஃபாஸ் என்று வரிசையாக இருக்கிறது. நாட்டுத் தேனீ அந்த உண்ணியோடு காலம் காலமாக வாழ்ந்தது, தன்னைத் தானே துப்புரவு பண்ணிக்கொள்ளும், அதனால் நம் அடுக்குத் தேனீப் பெட்டிக்கு இந்த மருந்து எதுவும் தேவையில்லை. "அப்படியானால் அந்தச் சோதனைக் காசு மிச்சம்" என்று உடனே அடித்துவிட வேண்டாம். அடை கட்டுவதற்காக வெளியிலிருந்து மெழுகுத் தாள் வாங்கி ஒட்டினீர்கள் என்றால், அந்த மெழுகு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

தேனை விட மெழுகு அதிகம் சொல்லும்

உண்ணி மருந்துகளில் பலதும் பூச்சிமருந்துகளில் பலதும் கொழுப்பில் கரைபவை. தேன் தண்ணீரும் சர்க்கரையும். அவை அங்கே தங்குவதை விட மெழுகில் போய்த் தங்குவதுதான் அதிகம். வட அமெரிக்காவில் மெழுகு, மகரந்தம், தேனீ எல்லாம் சேர்த்து 887 மாதிரிகளைப் பார்த்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 121 வகை மருந்துகளும் சிதைபொருட்களும் கிடைத்தன, மெழுகு மாதிரிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டில் ஃபுளூவாலினேட்டும் கூமாஃபாஸும் இருந்தன. மெழுகை உருக்கி வடித்தால் போய்விடும் என்பது வெறும் நம்பிக்கை, மெழுகு உருகும் சூட்டுக்கெல்லாம் இவை அசையாது. பழைய அடையை உருக்கித் தாளாக்கி, தாளை அடையாக்கி, அதைத் திரும்ப உருக்கி என்று சுற்றும்போது வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

எனவே ஒரே ஒரு சோதனைக்குத்தான் காசு இருக்கிறது, பெட்டியின் பழைய சரித்திரம் தெரிய வேண்டும் என்றால், நான் தேனை அனுப்ப மாட்டேன், புழு அறையின் (தேனீப் புழுக்கள் வளரும் அறை) பழைய கறுத்த அடையிலிருந்து மெழுகை அனுப்புவேன். இந்த சீசன் தேனை விற்கலாமா என்பதுதான் கேள்வி என்றால் தேன். ஆன்டிபயாட்டிக் சந்தேகம் என்றாலும் தேன்தான், அவற்றில் பெரும்பாலானவை தண்ணீர்ப் பக்கம் நிற்பவை. சுற்றுவட்டாரத்தில் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று பார்க்க மகரந்தம். உலோகச் சந்தேகம், பக்கத்தில் நெடுஞ்சாலை, பட்டறை என்றால் புரோபோலிஸ் என்கிற தேனீப் பிசினைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள், காற்றில் வரும் ஈயம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

மகரந்தத்தை மாத்திரை மாதிரி விற்பவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு: யாரும் எதையும் தெளிக்காமலேயே அதில் நஞ்சு வரலாம். கிலுகிலுப்பை, சணப்பு, தேள்கொடுக்கு போன்ற செடிகளில் கல்லீரலைப் பாதிக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இயற்கையிலேயே உண்டு. ஐரோப்பாவில் மகரந்தத்துக்கு இதில் 500 பிபிபி எல்லை. பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்த வயல் பக்கத்தில் இருந்தால் இதையும் கேளுங்கள்.

மாதிரி எடுக்கும் விதம்

எவ்வளவு பெரிய எந்திரம் இருந்தாலும் உள்ளே போகிற ஸ்பூன் தேன் தவறாக இருந்தால் எல்லாம் வீண். ஒரு தொகுப்பு என்று எதை அழைக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள்: ஒரே தோட்டம், ஒரே வாரத்தில் எடுத்தது, ஒரே மருந்துச் சரித்திரம். பத்து கேன் இருந்தால் பத்தையும் அடி வரை கிளறிவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் சம அளவு எடுத்து, ஒரே பாத்திரத்தில் கலந்து, அதிலிருந்துதான் பாட்டிலை நிரப்ப வேண்டும். மேலாக மொண்டால் போதாது. உறைந்த தேன் என்றால் 40 டிகிரிக்கு மேல் போகாமல் வெந்நீரில் வைத்து இளக்குங்கள். அடுப்பில் வைத்தால், சூட்டில் தேனின் சர்க்கரையிலிருந்து உருவாகும் எச்.எம்.எஃப் என்ற பொருள் ஏறும், இந்தியத் தரத்தில் அதற்குக் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று எல்லை இருக்கிறது, மருந்தைத் தேடப் போய் அதில் மாட்டிக்கொள்வீர்கள்.

பாட்டில் புதுக் கண்ணாடி பாட்டிலாக இருக்கட்டும். ஊறுகாய் பாட்டில், டானிக் பாட்டில், கழுவிக் காயவைத்த பூச்சிமருந்து கேன் (சிரிக்காதீர்கள், நடக்கிறது) எதுவும் வேண்டாம். கொசு கடிக்காமல் இருக்கக் கையில் க்ரீம் தடவிக்கொண்டு தேன் எடுக்காதீர்கள், அதிலுள்ள டீட்டும் ஒரு ரசாயனம்தான், எந்திரம் அதையும் பிடிக்கும். கால்நடைக்கு ஊசி மருந்து கலந்த கையோடு மாதிரி எடுத்தால் குளோராம்பெனிகாலோ டெட்ராசைக்ளினோ பாட்டிலுக்குள் போகத் துகள் அளவு போதும், நாம் பிபிபியில் பேசிக்கொண்டிருக்கிறோம். புதுக் கையுறை, புது ஸ்பூன்.

ஒவ்வொரு மாதிரியிலும் கால் கிலோ வீதம் மூன்று பாட்டில் எடுங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு. இன்னொன்று உங்களிடம், மூடி சீல் வைத்து, இருட்டில், முடிந்தால் ஃபிரிட்ஜில். மூன்றாவது தேனை வாங்குகிறவருக்கு. பின்னால் தகராறு வந்தால் பேசப்போவது உங்களிடம் உள்ள அந்த இரண்டாவது பாட்டில்தான். மூன்றிலும் தொகுப்பு எண், எடுத்த தேதி, இடம், கையெழுத்து, எல்லாம் அழியாத பேனாவில். மூடியில் எழுதாமல் பாட்டில் உடம்பில் எழுதுங்கள், மூடி மாறும்.

மெழுகு என்றால் நாலைந்து பெட்டிகளிலிருந்து, ஒரு சட்டத்தின் நடுப்பகுதியிலும் ஓரத்திலும் வெட்டி, மொத்தம் நூறு கிராம் வருமாறு அலுமினியத் தாளில் சுற்றுங்கள். மகரந்தத்தைப் பொறியிலிருந்து எடுத்தவுடன் ஃபிரீசரில் போட வேண்டும், ஈரம் அதிகம், ஒரே நாளில் பூஞ்சை பிடிக்கும். பெட்டி வாசலில் திடீரென்று தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்: புதிதாகச் செத்ததை ஒரு டம்ளர் நிறைய அள்ளி அன்றைக்கே ஃபிரீசரில் வையுங்கள், வெயிலிலும் மழையிலும் கிடந்தால் மருந்து சிதைந்துவிடும், அதன் பிறகு எந்த ஆய்வகமும் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் அன்று என்ன அடித்தார்கள் என்று டப்பாவின் லேபிளை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்திடம் என்ன கேட்பது

ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்-இன் அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாக வருவதில்லை, எந்தப் பொருளில் எதைச் சோதிக்கலாம் என்று வரி வரியாக வருவது. தண்ணீருக்கு அங்கீகாரம் வைத்துக்கொண்டு தேன் வாங்குகிற இடமும் இருக்கலாம். என்.ஏ.பி.எல் இணையதளத்தில் அந்த ஆய்வகத்தின் பட்டியலைத் திறந்து, "தேன்" என்ற சொல்லும் உங்களுக்கு வேண்டிய மருந்தின் பெயரும் ஒரே வரியில் வருகிறதா என்று பாருங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிமருந்து எச்சத்துக்கென்றே ஆய்வகம் இருக்கிறது; தேனுக்கென்று தேசிய பால்வள வாரியம் 2020-இல் ஆனந்தில் ஒன்று திறந்தது; தனியார் ஆய்வகங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உண்டு.

அடுத்த கேள்விதான் முக்கியம்: மருந்தைத் தேடுவீர்களா, மருந்து மாறிப்போன பொருளையும் சேர்த்துத் தேடுவீர்களா? அமிட்ராஸை எடுத்துக்கொள்ளுங்கள். தேன் புளிப்புத் தன்மை கொண்டது, அதில் அமிட்ராஸ் சீக்கிரம் உடைந்து வேறு பொருட்களாகிவிடும். அமிட்ராஸ் என்ற பெயரை மட்டும் தேடினால், மருந்து வைத்த பெட்டியின் தேனும் சுத்தமாகத் தெரியலாம். ஐரோப்பாவின் 200 பிபிபி எல்லையே அமிட்ராஸையும் அதிலிருந்து வந்த, டைமெத்தில் அனிலின் பகுதி கொண்ட சிதைபொருட்களையும் கூட்டித்தான். நைட்ரோஃபியூரான் என்ற ஆன்டிபயாட்டிக் குடும்பமும் இப்படித்தான், மூலப்பொருள் மறைந்துவிடும், ஏ.ஓ.இசட், ஏ.எம்.ஓ.இசட், ஏ.எச்.டி, எஸ்.இ.எம் என்ற நான்கு எச்சங்களைத்தான் தேட வேண்டும். அதற்கு மாதிரியை அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டியிருக்கும், ஆகவே "சாயங்காலம் ரிசல்ட் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் என்ன முறை என்று கேளுங்கள். சல்ஃபா மருந்துகள் தேனின் சர்க்கரையோடு பிணைந்துகொள்பவை, அமிலத்தால் பிரிக்காமல் அளந்தால் குறைவாகக் காட்டும். இதையெல்லாம் கேட்டால் ஆய்வகத்தில் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. நல்ல ஆய்வகம் சந்தோஷமாகப் பதில் சொல்லும்.

"நூற்றுக்கணக்கான பூச்சிமருந்து" என்று விளம்பரப்படுத்தும் பொதுச் சோதனையில் கிளைபோசேட் வராது, மாங்கோசெப் வகைப் பூஞ்சைக்கொல்லியும் வராது, இரண்டுக்கும் தனி முறை. ரப்பர் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்திருந்தால் கிளைபோசேட்டைத் தனியாக எழுதிக் கொடுங்கள். உலோகத்துக்கு ஐ.சி.பி-எம்.எஸ் என்ற எந்திரச் சோதனை. தேன் எடுக்கும் எந்திரம் பழைய தகரத்தில் ஈயம் வைத்துப் பற்றியதாக இருந்தாலோ, தேனைத் துத்தநாக முலாம் பூசிய டின்னில் வைத்திருந்தாலோ அதைக் கட்டாயம் கேளுங்கள்; ஈயத்துக்கு ஐரோப்பிய எல்லை கிலோவுக்கு 0.10 மில்லிகிராம்.

செலவு ஒவ்வொரு தொகுப்புக்கும் ஆயிரங்களில் போகும். கூட்டுறவுச் சங்கம் மாதிரி பலரிடம் தேன் சேகரிக்கும் இடத்தில் எல்லோருடையதையும் முழுச் சோதனைக்கு அனுப்ப முடியாது. அங்கே டெட்ராசைக்ளின், சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால் ஆகியவற்றுக்குக் கிடைக்கும், கோடு விழுந்து காட்டும் பட்டைச் சோதனை, நிறம் மாறிக் காட்டும் எலைசா கிட் இவற்றை வாசலிலேயே வைத்து வடிகட்டலாம். கோடு சந்தேகமாக வந்த பாத்திரத்தை மட்டும் தனியாக வைத்து எந்த மருந்து, எவ்வளவு என்று உறுதிசெய்யும் எல்.சி-எம்.எஸ்/எம்.எஸ் எந்திரச் சோதனைக்கு அனுப்புங்கள். பட்டையை மட்டும் வைத்து ஒருவருடைய தேனைக் கெட்டது என்று தீர்ப்பு எழுதக் கூடாது, தேனின் நிறமும் பிசுக்கும் அதை ஏமாற்றும்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ரிசல்ட் கட்டம் இல்லை, அதற்குப் பக்கத்தில் உள்ள அளவிடக்கூடிய குறைந்தபட்ச அளவு. எல்.ஓ.க்யூ என்று போட்டிருக்கும். ரிசல்ட்டில் "பி.எல்.க்யூ" என்று இருந்தால் அந்த அளவுக்குக் கீழே என்று பொருள், பூஜ்யம் என்று பொருளில்லை. குளோராம்பெனிகாலுக்கு 0.15-ஐப் பார்க்க வேண்டிய இடத்தில் ஆய்வகத்தின் எல்.ஓ.க்யூ 5 என்று இருந்தால் அந்தத் தாள் உங்களுக்கு எதுவும் சொல்லவில்லை, காசைத் திருப்பிக் கேட்க முடியாவிட்டாலும் இனிமேல் அங்கே போகாமல் இருக்கலாம். அலகையும் பாருங்கள்: ஒரு ஆய்வகம் மில்லிகிராமில் தரும், இன்னொன்று மைக்ரோகிராமில் தரும், 0.01-உம் 10-உம் ஒரே அளவாக இருக்கும்.

எல்லையை ஒட்டி வரும் எண்ணுக்குப் பதற வேண்டாம். பூச்சிமருந்து எச்சத்தில் ஐரோப்பிய ஆய்வகங்கள் அளவீட்டின் நிச்சயமின்மை என்று வழக்கமாக ஐம்பது சதவீதம் வைக்கிறார்கள். எல்லை 10, வந்தது 11 என்றால் உண்மை அளவு ஐந்தரையிலிருந்து பதினாறரை வரை எங்கும் இருக்கலாம், மீறல் என்று சட்டப்படி சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தச் சலுகையைக் காட்டித் தடை செய்த ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிவிடப் பார்க்காதீர்கள். 2010-இல் டெல்லியில் வாங்கிய 12 பிராண்ட் தேனைச் சோதித்த அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 11-இல் ஆன்டிபயாட்டிக் இருந்ததாகச் சொன்னது, அதே வருடம் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேனை நிறுத்தியது. நேர்மையாக வளர்த்தவர்களும் சேர்ந்துதான் அதற்கு விலை கொடுத்தார்கள்.

ஏதாவது சிக்கியிருந்தால் அந்தத் தொகுப்பைத் தனியாக வையுங்கள். நல்ல தேனோடு கலந்து அளவைக் குறைத்து விற்கும் வேலை வேண்டாம், அது சட்டத்துக்கும் விரோதம். பிறகு உங்கள் தாளுக்குத் திரும்புங்கள். ஆன்டிபயாட்டிக் என்றால் அந்த பாகு எந்தெந்தப் பெட்டிக்குப் போனது என்று பிடித்து, அவற்றிலுள்ள சேமிப்புத் தேனை வெளியேற்றி, அந்தப் பெட்டிகளின் அடுத்த எடுப்பைத் தனியாகச் சோதியுங்கள். அந்துருண்டை, உண்ணி மருந்து என்றால் அடையைக் கழித்துவிடுவது தவிர வழியில்லை. வருடா வருடம் புழு அறையில் மூன்றில் ஒரு பங்கு பழைய அடையை எடுத்துவிட்டால் சேர்வது குறையும், கழித்த மெழுகு மெழுகுவர்த்திக்குப் போகட்டும், தாளாகத் திரும்பப் பெட்டிக்கு வர வேண்டாம். காலி அடைகளை அந்துப்பூச்சியிடமிருந்து காக்கச் சில நாள் ஃபிரீசரில் வைத்து, காற்றுப் புகாமல் கட்டி வைத்தாலே போதும்.

தேனீ வளர்க்காமல் தேனை வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-இன் 40-ஆவது பிரிவின்படி வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம், ஆனால் சோதிக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வு ஆய்வகங்கள் இருக்கின்றன. பில்லை வைத்துக்கொள்ளுங்கள், சீலை உடைக்காதீர்கள், பணம் கட்டுவதற்கு முன் உங்களுக்கு வேண்டிய மருந்தை தேனில் பார்க்கும் வசதி அங்கே இருக்கிறதா, எத்தனை பிபிபி வரை பார்ப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். தவறு இருப்பதாக அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.